ஷாமனியப் பயணம்: போகும் வழியும் திரும்பும் வழியும்

வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில் வந்த ஷாமனியப் பயணம் பற்றிய அறிமுகக் கட்டுரைக்கு யாழ்ப்பாணத்தின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. கட்டுரையைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரே சீராக அடிக்கப்படும் மேளத்தைக் கேட்டபடி கண்ணை மூடிப் படுத்து, ஒரு கேள்வியோடு மனக்கண்ணில் விரியும் உலகத்துக்குள் போய், குறித்த நேரத்தில் திரும்பி வருவதுதான் இந்தப் பயணம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி (நல்லூர்): எங்கட அம்மன் கோயில் பொங்கலில் கலை வந்து ஆடுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்? பிறகேன் இதற்கு ஒரு வெளிநாட்டுப் பெயர்?

பதில்: இரண்டிலும் மேளம் உண்டு, ஆனால் போக்குவரத்தின் திசை வேறு. கலை வரும்போது தெய்வம் ஆளிடம் வருகிறது. அவர் ஆடுவார், வாக்குச் சொல்வார்; முடிந்த பிறகு என்ன சொன்னோம் என்று பலருக்கு நினைவிராது. பயணத்தில் ஆள்தான் போகிறார். உடல் பாயில் அசையாமல் கிடக்கும். அறிவு தெளிவாக இருக்கும். படலையில் யாரும் கூப்பிட்டால் காதில் விழும், வேண்டுமென்றால் அந்த நொடியே எழும்பலாம். கண்டது எல்லாம் நினைவில் நிற்கும்.

இந்த வித்தியாசத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கலை வந்து பழகியவர்களுக்கு வீட்டில் மேள ஒலியைப் போட்டதும் உடல் நடுங்கத் தொடங்கலாம். அப்படி நடந்தால் அதை வளரவிடாமல் கண்ணைத் திறந்து எழும்பி உட்கார வேண்டும். கோயிலில் அவரைத் தாங்கிப் பிடிக்கப் பூசாரியும் தண்ணீரும் திருநீறும் சுற்றி நிற்கும் சனமும் இருக்கும். வீட்டு அறையில் அவை ஒன்றும் இல்லை.

ஷாமன்கள் என்றால் தங்கள் சனத்துக்காக ஆவிகளின் உலகத்துக்குப் போய் வருபவர்கள். அவர்கள் சைபீரியாவின் எவென்கி மக்களிடமும் துவா மக்களிடமும் வட ஐரோப்பாவின் சாமி இனத்தவரிடமும் இருந்தவர்கள். பல தலைமுறைப் பயிற்சியும் ஊரின் அங்கீகாரமும் பெற்றவர்கள். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் சாமி மக்களின் மேளங்கள் பறிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. சோவியத் ஆட்சியில் சைபீரிய ஷாமன்கள் ஒடுக்கப்பட்டார்கள். இன்று உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படும் எளிய முறை, பெரும்பாலும் மைக்கேல் ஹார்னர் (1929–2018) என்ற அமெரிக்க மானிடவியலாளர் வகுத்தது. அவர் 1956–57இல் ஈக்குவடோரின் ஷுவார் மக்களிடமும், 1960–61இல் பெருவின் கொனிபோ மக்களிடமும் தங்கி ஆய்வு செய்தவர். பல பண்பாடுகளில் பொதுவாக இருந்ததை எடுத்து, அந்தந்த இனத்துக்குரிய சடங்குகளை விட்டுவிட்டு, போதைச் செடிகளுக்குப் பதிலாக மேளத்தை வைத்தார். அப்படிப் பிரித்தெடுத்தது சரியா என்று அந்த மக்களுக்குள்ளேயே பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆகவே இந்த எளிய முறையைப் பழகுபவர் தன்னை ஷாமன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒரு பயிற்சியைச் செய்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி (கொக்குவில்): கட்டுரையில் 'வாசல்', 'இறங்குதல்' என்று எழுதியிருந்தீர்கள். முதற் தடவை செய்ய விரும்பும் ஒருவர் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பதில்: முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். பயணம் 15 நிமிடந்தான்; மிச்சம் முன்னும் பின்னும் தேவை. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது ஆகியிருக்க வேண்டும். குடித்திருக்கவே கூடாது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் இரவு படுக்கப் போகும்போதும் செய்தால் நித்திரைதான் வரும். காலை, அல்லது பின்னேரம் விளக்கு வைப்பதற்கு முன் நல்லது.

பாயை விரித்து, மெல்லிய தலையணையோடு நிமிர்ந்து படுங்கள். கண்ணுக்கு மேல் கறுத்தத் துணி கட்டுங்கள். சால்வையை மடித்துப் போட்டாலும் போதும். இமைக்குள் வெளிச்சம் தெரிந்தால் காட்சி பிடிபடாது. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு கேட்பதானால் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

அடுத்தது வாசல், அதாவது பயணம் தொடங்கும் இடம். இந்தப் பயிற்சியில் கீழ், நடு, மேல் என்று மூன்று உலகம்; முதலில் போவது கீழுலகத்துக்கு. கீழுலகத்துக்குப் போகும் வாசல் நிலத்துக்குள் இறங்கும் ஒரு துவாரமாக இருக்க வேண்டும், நீங்கள் நேரில் கண்ட உண்மையான இடமாகவும் இருக்க வேண்டும். மலைநாட்டுக்காரர் குகையைத் தேடுவார்கள். எங்களுக்குச் சுண்ணாம்புக்கல் நிலமே வாசல்களை வெட்டித் தந்திருக்கிறது. நிலாவரைக் கிணறு இருக்கிறது. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலை இருக்கிறது. இவற்றை விட நல்லது உங்கள் வளவுக் கிணறு, அல்லது சின்ன வயதில் விளையாடிய ஆலமரத்தின் வேர்ப்பொந்து. ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்: கட்டின் எந்தப் பக்கம் பாசி பிடித்திருக்கிறது, கயிறு உராய்ந்த தடம் எங்கே, உள்ளிருந்து என்ன மணம் வருகிறது. இந்த விபரங்கள்தான் படுத்திருக்கும்போது உங்களை உள்ளே இறக்கும். சுடலையையும், யாரும் விழுந்து இறந்த கிணற்றையும் எடுக்க வேண்டாம். தேர்ந்த வாசலை அடிக்கடி மாற்றவும் வேண்டாம்.

படுத்ததும் நீளமாக மூன்று நான்கு தடவை மூச்சை விடுங்கள். நோக்கத்தை ஒரே வசனத்தில், மனதுக்குள் மூன்று தடவை சொல்லுங்கள். முதற் பயணத்துக்கு இது போதும்: "கீழுலகத்தைப் பார்த்துவிட்டு அதே வழியால் திரும்பி வருகிறேன்." மேளம் தொடங்கட்டும். வாசலில் நில்லுங்கள், பிறகு உள்ளே போங்கள். பெரும்பாலும் ஒரு சுரங்கம் போன்ற பாதை சரிவாக இறங்கும். கல் மறித்தால் உடைக்கப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இடுக்கு இருக்கும், இல்லாவிட்டால் பொறுத்திருங்கள். பாதை முடியும் இடத்தில் வெளிச்சம் வரும், அங்காலே ஒரு நிலப்பரப்பு இருக்கும். முதல் தடவை அங்கே நின்று சுற்றிப் பார்த்தாலே போதும். எதையும் பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம்.

திரும்பும் அழைப்புக் கேட்டதும் நின்ற இடத்திலிருந்து, வந்த வழியாலேயே, வாசல் வரை வாருங்கள். அழைப்பு இப்படி இருக்கும்: சீரான அடி நின்று, அழுத்தமான ஏழு அடிகள் நான்கு தடவை கேட்கும். பிறகு அரை நிமிடத்துக்கு மேல் மிக வேகமான அடி. அந்த நேரத்துக்குள் நீங்கள் திரும்பி வர வேண்டும். கடைசியில் மறுபடி ஏழு அடிகள் நான்கு தடவை. அத்தோடு பயணம் முடிந்தது. துணியை எடுத்து, கை கால்களை அசைத்து, உடனே கொப்பியில் எழுதுங்கள். பத்து நிமிடம் போனால் பாதி கரைந்துவிடும். வந்த ஒழுங்கில் எழுத வேண்டும், விளக்கம் சேர்க்காமல்: "மஞ்சள் நிறப் பறவை, இடப்பக்கம், கால் ஒன்று தூக்கியபடி." அர்த்தம் பார்ப்பதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேலுலகத்துக்கு ஏறும் வழியில் உயரமான பொருள் ஒன்று வேண்டும். பனையை விடப் பொருத்தமானது எங்கள் மண்ணில் இல்லை. ஆனால் கீழே போய் வருவது கைப்பழக்கமான பிறகுதான் மேலே.

கேள்வி (பருத்தித்துறை): மூன்று நாள் முயன்றேன். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் குறட்டை விட்டேன் என்று மனைவி சொல்கிறா. எனக்கு இது சரிவராதா?

பதில்: சரிவரும். எல்லாருக்கும் காட்சி வருவதில்லை. சிலருக்குக் காது முந்தும், சிலருக்கு உடம்பு முந்தும். படம் பார்ப்பது போலத் திரை விரியும் என்று காத்துக் கிடப்பதுதான் பலர் விடும் முதற் பிழை. கண்ணை விட்டுவிட்டுக் கையால் தொடங்குங்கள். கிணற்றுக் கட்டைத் தடவுங்கள், சொரசொரப்பா, ஈரமா? கால் வைக்கும் கல் குளிர்கிறதா? ஒவ்வொன்றையும் வாய்க்குள் முணுமுணுத்தபடி இறங்குங்கள். சொல்லச் சொல்ல அடுத்தது வரும்.

"இது நானாகக் கற்பனை பண்ணுவதுதானே" என்று வேறு இருவரும் கேட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஆம், கிணற்றடி வரை நீங்கள்தான் கற்பனை பண்ணுகிறீர்கள். அப்படித்தான் செய்யவும் வேண்டும். எங்கோ ஓரிடத்தில் நீங்கள் போடாத ஒன்று வரும். ஆடு வரும் என்று நினைத்த இடத்தில் ஒரு கிழவி தேங்காய் துருவிக்கொண்டிருப்பா. அந்த எதிர்பாராத்தன்மைதான் அடையாளம். அது வரும்வரை ஆராயாமல் நடவுங்கள்; நடுவில் நின்று "இது மெய்யா?" என்று விசாரித்தால் எல்லாம் அறுந்துவிடும்.

நித்திரைக்கு ஒரு பழைய உபாயம்: முழங்கையைப் பாயில் ஊன்றி, முன்கையைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்திருங்கள். நித்திரை வந்தால் கை விழும், விழிப்பீர்கள். அதுவும் சரிவராவிட்டால் கதிரையில் நிமிர்ந்து இருந்து செய்யுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): எப்படியான கேள்வியோடு போக வேண்டும்?

பதில்: ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி. "எப்போது" வேண்டாம், அங்கே நாட்காட்டி இல்லை. "ஆமா, இல்லையா" என்றும் கேட்க வேண்டாம். "அதுவா இதுவா" என்று இரண்டைக் கோத்தால், கிடைக்கும் காட்சி எதற்கான பதில் என்று தெரியாது. "கனடா விசா கிடைக்குமா?" என்பது பழுதான கேள்வி. "இந்தக் காத்திருப்புக் காலத்தில் நான் எதில் கவனம் வைக்க வேண்டும்?" என்பது நல்ல கேள்வி. இன்னொருவரின் விடயத்தை, அவருடைய சம்மதம் இல்லாமல் கேட்கவே கூடாது. மருமகள் என்ன நினைக்கிறா என்று பார்க்கப் போவது அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம்.

கேள்வி (தீவகம்): நான் போனபோது படமெடுத்த பாம்பு ஒன்று வந்தது. இணையத்தில் அது கூடாத குறி என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரிலோ நயினாதீவு அம்மனே நாகபூஷணி. எதை நம்புவது?

பதில்: பல் காட்டும் பாம்பையும் மொய்க்கும் பூச்சிகளையும் விலகிப் போகச் சொல்வது மேற்கத்தியப் பயிற்சியில் வழக்கம். நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் ஊரில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகக் கண்ட பாம்பெல்லாம் அம்மன் என்று விழுந்து கும்பிடவும் தேவையில்லை. அது என்ன செய்தது என்று பாருங்கள். பாதையை மறித்துச் சீறினால் சண்டை பிடிக்காமல் விலகிப் போங்கள், அல்லது திரும்பிவிடுங்கள். அமைதியாக நின்றால், "நீதான் எனக்குத் துணையா?" என்று கேளுங்கள். பயணத்தில் வழிகாட்டியாக வரும் விலங்கைத் துணை விலங்கு என்பார்கள். அது உங்களுக்கு உரியதானால் ஒரே பயணத்தில் நான்கு தடவை, அல்லது நான்கு பக்கத்திலிருந்து தன்னைக் காட்டும் என்பது பயிற்சியாளர்கள் வைக்கும் அளவுகோல். ஒரு தடவை தலைகாட்டி மறைந்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி (வடமராட்சி, ஒரு தாய்): 2009இல் என் மகனைக் கையளித்தோம். இன்றுவரை தகவல் இல்லை. இந்தப் பயணத்தில் போய் அவன் இருக்கிறானா என்று பார்க்கலாமா? ஒருவர் காசு தந்தால் தான் போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொல்கிறார்.

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காக நீங்கள் பயணம் செய்யவும் வேண்டாம், யாரையும் செய்விக்கவும் வேண்டாம். அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பயணத்தில் வரும் காட்சி செய்தி அல்ல. உங்கள் ஏக்கமும் பயமும் சேர்ந்து எந்தப் படத்தையும் வரைந்துவிடும். ஒரு நாள் மகன் சிரித்தபடி வருவார், இன்னொரு நாள் தாங்க முடியாத கோலத்தில் தெரிவார். இரண்டுமே சாட்சியம் ஆகாது, ஆனால் இரண்டுமே உங்கள் நெஞ்சில் மெய்யாகவே தங்கிவிடும். இந்த உலகத்துக்குள்ளேயே தூரத்தில் நடப்பதைத் தேடிப் போவதற்கு நடுவுலகப் பயணம் என்று பெயர். அதைத் தொடக்கக்காரருக்குப் பொறுப்பான எந்த ஆசிரியரும் கற்பிப்பதில்லை. கற்றவரும் தான் கண்டதை அத்தாட்சியாகச் சொல்லக் கூடாது. காசுக்கு "உயிரோடு இருக்கிறார்" என்று சொல்பவர், அடுத்த மாதம் "இன்னும் கொஞ்சம் காசு தந்தால் இடத்தைச் சொல்கிறேன்" என்பார்.

மகன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கையளித்த இடம், திகதி, கூட நின்றவர்களின் பெயர்கள், அன்று அவர் போட்டிருந்த உடுப்பு எல்லாவற்றையும் எழுதி, முறைப்பாட்டுப் பிரதிகளோடு ஒரே கோவையில் வையுங்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் கிளை உண்டு. அதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிவு இருக்கட்டும். நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி (மானிப்பாய்): யாரெல்லாம் இதைச் செய்யக் கூடாது?

பதில்: வலிப்பு உள்ளவர்கள். இல்லாத குரல் கேட்பது, அளவுகடந்த எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருவது போன்ற நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், அல்லது முன்பு எடுத்தவர்கள். குண்டுச் சத்தம், சிறை, சித்திரவதை நினைவுகள் திடீரென்று திரும்பி வந்து உலுக்குபவர்கள். இவர்களுக்குக் கண்ணைக் கட்டி இருட்டில் மேளம் கேட்பதே ஆபத்து. நெருங்கிய ஒருவரை அண்மையில் இழந்தவர்கள் சில மாதம் பொறுக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டு வா என்று எந்தப் பயிற்சியாளரும் சொன்னால் அவரிடம் போகாதீர்கள். கஞ்சாவோடு செய்யலாமா என்று கேட்ட தம்பிக்கு: கூடாது. திரும்பும் அழைப்புக் கேட்டாலும் திரும்ப முடியாத நிலையை அது உண்டாக்கும்.

கேள்வி (சுன்னாகம்): பயணம் முடிந்து எழும்பினேன். அன்று முழுக்க மிதப்பது போலவும் ஆட்கள் கதைப்பது தூரத்தில் கேட்பது போலவும் இருந்தது. ஏன்?

பதில்: பாதி வழியில் எழும்பிவிட்டீர்கள். ஒலிப்பதிவை அழைப்புக்கு முன் நிறுத்தியிருப்பீர்கள், அல்லது யாரோ தட்டி எழுப்பியிருப்பார்கள். இப்படி நடந்தால் மறுபடி படுத்து ஐந்து நிமிடம் மேளத்தைக் கேளுங்கள். கடைசியாக நின்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து வந்த வழியால் ஆறுதலாக நடந்து வாசலால் வெளியே வாருங்கள். பிறகு வெறுங்காலோடு முற்றத்தில் நடவுங்கள், கிணற்றில் அள்ளிக் குளியுங்கள், சோறு சாப்பிடுங்கள். தெளியும்வரை மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டாம். அடுத்த நாளும் தெளியாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். சுகமானாலும் சில வாரம் இதை விட்டுவையுங்கள். சுகமாகச் செய்பவர்களுக்கும் வாரத்துக்கு ஒன்று தாராளம்.

கேள்வி (கோண்டாவில்): மேளத்தின் வேகம் மூளையின் அலையை மாற்றுகிறது என்பது விஞ்ஞானமா?

பதில்: மூளையின் தீற்றா அலை செக்கனுக்கு 4 தொடக்கம் 7 வரை. மேள அடி அதற்குக் கிட்ட வருவதால் மூளையும் அதே வேகத்துக்கு இழுபடும் என்று சொல்கிறார்கள். சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, முடிவுகள் ஒத்துப்போகவில்லை. நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஒரே அடியைத் தொடர்ந்து கேட்டால் கவனம் உள்ளே திரும்புகிறது என்பதை நீங்களே பார்க்கலாம்.

கேள்வி (இணுவில்): நாங்கள் தவில் ஊரவர். தவிலோ உடுக்கோ பறையோ பாவிக்கலாமா? ஒலிப்பதிவு சரியா?

பதில்: தவில் வேண்டாம். தாளக்கட்டும் சொற்கட்டும் காதை இழுத்துப் பிடித்துவிடும். அதுவும் இணுவில் காதுக்கு மனம் கணக்குப் போடத் தொடங்கும். உடுக்கின் இடைக்கயிறு இறுகித் தளரச் சுருதி ஏறி இறங்குவதால் அதுவும் சரிவராது. போதாததற்குக் கலை வருபவர்களை அது கிளப்பிவிடும். பறையின் வடிவம் பொருந்தும், குச்சியின் கூர்மையான ஒலி பொருந்தாது. மெல்லிய மரவளையத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் கட்டிய, 14 தொடக்கம் 16 அங்குல விட்டமுள்ள மேளமும், நுனியில் துணி சுற்றிய தடியும் வேண்டும். நிமிடத்துக்கு 205 தொடக்கம் 220 அடி, எல்லாம் ஒரே பலத்தில். 210 என்றால் இரண்டு செக்கனுக்கு ஏழு அடி. கைத்தொலைபேசித் தாளமானியில் வைத்துப் பழகலாம். புதிதாக அடிப்பவருக்கு ஐந்தாவது நிமிடத்தில் கை களைத்து வேகம் குறையும், அல்லது உற்சாகத்தில் கூடும். படுத்திருப்பவருக்கு இரண்டும் உடனே தெரியும். அடிப்பதை மணிக்கட்டில் வையுங்கள், தோளில் வேண்டாம்.

ஒலிப்பதிவு தாராளமாகப் போதும். புல்லாங்குழலும் கடலோசையும் கலந்ததை விட்டு, வெறும் மேளமாக, 15 நிமிடத்தில், கடைசியில் அழைப்பு இருப்பதாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் விழித்திருந்து முழுவதையும் கேட்டுப் பாருங்கள். யூடியூப்பில் நேரடியாகப் போட்டால் நடுவில் விளம்பரம் பாய்ந்து பயணத்தை அறுத்துவிடும்; தரவிறக்கி வைத்தால் அந்தக் கரைச்சல் இல்லை.

சொந்த மேளம் வைத்திருப்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் தொய்ந்து 'பொத்' என்று ஒலிக்கும். அடுப்புத் தணலுக்கு மேல் பிடிக்க வேண்டாம்; ஓரிடம் மட்டும் காய்ந்து வளையத்தடியில் கிழியும். தலைமயிர் காயவைக்கும் மெஷினை ஒரு முழத் தூரத்தில் பிடித்து, வட்டமாக அசைத்தபடி இரண்டு மூன்று நிமிடம் சூடு காட்டுங்கள். நடுவில் தட்டிப் பார்த்து ஒலி ஏறியதும் நிறுத்திவிடுங்கள். பங்குனி, சித்திரையில் மறுபக்கம்: தோல் அளவுக்கு மீறி இறுகும். அப்போது ஈரத்துணியால் பின்பக்கத்தை லேசாக ஒற்றி, துணிப்பையில் போட்டு, தகரக் கூரைக்குக் கீழே தொங்கவிடாமல் உள்ளறையில் வையுங்கள்.